ஸர்னீக்கும் இரும்புத் துருவும்

ஷாஃபிஈ சட்ட நூல்களைப் பயிற்றுவிப்போர் எவரும் முதற்கண் தொடுவது நீரைப் பற்றிய பாடத்தையே. நீருக்கு நிறம், சுவை, மணம் என மூன்று தன்மைகளைக் கூறி, அவை மாறும் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்ட மேதைகள் ஆராய்ந்திருக்கின்றனர். நீர் தங்கும் இடத்திலும் அது ஓடிவரும் வழியிலும் இயல்பாக உள்ள பொருள்களால் நேரும் மாற்றம் அதன் தூய்மையைக் கெடுப்பதில்லை என்பது அவர்தம் முடிபு. அப்பொருள்களுக்கு எடுத்துக்காட்டாகக் களிமண், பாசி, கந்தகம், சுண்ணம் ஆகியவற்றோடு ‘ஸர்னீக்’ என்னும் ஒன்றையும் விரிவுரையாளர்கள் குறிப்பர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதியை நாம் நடத்தி வருகிறோம். ஸர்னீக் என்ற சொல் வரும்போதெல்லாம் ‘அரிதாரம்’ என்று தமிழில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் வழக்கமாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நம்மை அப்படிப் போகவிடவில்லை. “ஹஜ்ரத், அரிதாரம் நஞ்சு என்று எங்கள் ஊர் வைத்தியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது கரைந்த நீரைக் குடிக்கலாமா?” என்று கேட்டார். ஒளூச் செய்வதற்குரிய தூய்மை வேறு, உடலுக்குத் தீங்கின்மை வேறு; தீங்கு தருவதை உட்கொள்ளலாகாது என்பதற்குத் தனி விதி உண்டு என்று விடை கூறினோம். அவர் அமரவில்லை. “அது கரைந்திருப்பது நிறத்தாலோ சுவையாலோ மணத்தாலோ நமக்குத் தெரியவருமா?” என்று மீண்டும் கேட்டார். அன்று நம்மிடம் அதற்கு விடையில்லை. நூல்களைப் புரட்டியும் அறிந்தோரிடம் கேட்டும் பின்னர் நாம் தெரிந்துகொண்டவற்றின் ஒரு பகுதியையே ஈண்டு எழுதுகின்றோம். விடையைத் தேடிப் போன நாம் வங்காளத்தின் ஒரு சிற்றூரில், இரும்புப் பட்டறைக் குப்பையின் முன் சென்று நின்றது நாமே எதிர்பாராதது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஸர்னீக் என்பது பாரசீக வழியில் அரபுக்கு வந்த சொல். பொன்னைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல்லின் அடியிலிருந்து பிறந்தது என்பர். அரிதாரத்தின் மஞ்சள் நிறத்தைக் கண்டோர் அதனை ஐயுறமாட்டார்கள். இதே சொல் சிரியாக் மொழி வழியாகக் கிரேக்கத்திற் புகுந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளிற் பரவி, இன்று வேதியியலார் வழங்கும் ‘ஆர்சனிக்’ ஆயிற்று. கி.பி. 925 அளவில் மறைந்த மருத்துவ மேதை அபூபக்கர் அர்ராஸீ, தம் இரசவாத நூலில் பொருள்களை வகைப்படுத்துகையில், நெருப்பிலிட்டால் ஆவியாகிப் பறந்துவிடும் ‘ஆவிகள்’ என நான்கைக் குறித்தார்: பாதரசம், நவச்சாரம், கந்தகம், ஸர்னீக். நம் சித்தர் மரபும் இதனை நன்கறியும். மஞ்சள் அரிதாரமும், செந்நிற மனோசிலையும், இவற்றை எரித்தால் கிடைக்கும் வெள்ளைப் பாஷாணமும் ஒரே பொருளின் மூன்று கோலங்கள். சுண்ணத்தோடு அரிதாரத்தைக் குழைத்து, உடல் மயிர் களையும் பூச்சாகக் கீழ்நாட்டுக் குளியலறைகளில் வழங்கியதும் உண்டு. ‘நூரா’ என அரபு நூல்களில் வருவது இதுவே. சட்ட நூல்களில் சுண்ணமும் ஸர்னீக்கும் அடுத்தடுத்து வருவதற்கு இந்தக் கடைத்தெரு உறவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது நம் ஊகம்.

கட்டியாக இருக்கும்போது மஞ்சளும் சிவப்புமாக மின்னும் இப்பொருளின் சாரம் நீரிற் கரைந்து நிற்கும்போது எந்தக் கோலமும் காட்டுவதில்லை. நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. நம் முன்னோர் வகுத்த மூன்று வாயில்களிலும் காவலிருந்தாலும் அது உள்ளே வந்துவிடும். மாணவர் கேட்ட இரண்டாம் வினாவுக்கு விடை இதுதான். இந்த விடையை ஒரு நாடே தன் உடம்பால் கற்றுக்கொண்ட வரலாறு வங்கதேசத்தினுடையது.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா என்னும் பேராறுகள் கொணர்ந்து கொட்டிய வண்டலின் மேல் அமைந்தது அந்நாடு. தண்ணீருக்குக் குறைவில்லாத நாடு. ஆயினும் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த மக்களை வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போயின. பிள்ளைகளே மிகுதியாக மாண்டனர். 1971இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அரசும் கைகோத்து, கைப்பம்பு பூட்டிய குழாய்க்கிணறுகளை ஊர்தோறும் இறக்கின. வண்டல் மண் இளகியது, மனிதக் கைகளாலேயே குழாயை இறக்கிவிடலாம், செலவும் குறைவு. நாளடைவில் மக்கள் தாமே காசு கொடுத்து வீட்டு முற்றத்தில் கிணறு போட்டுக்கொண்டனர். நூற்றாண்டின் இறுதிக்குள் அத்தகைய கிணறுகள் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டின; நாட்டுப்புற மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நீரையே பருகினர். வாந்திபேதிச் சாவுகள் குறைந்தன. அதனை மறந்துவிட்டு இன்று அக்கிணறுகளைத் தோண்டியவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று.

குறை வேறிடத்தில் இருந்தது. தோண்டிய நீரில் நோய்க்கிருமி உண்டா என்று பார்த்தார்கள். ஆர்சனிக் உண்டா என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. 1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல்நோய் மருத்துவராக இருந்த கே. சி. சாஹா, மேற்கு வங்கச் சிற்றூர்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் மழைத்துளி சிதறினாற்போன்ற புள்ளிகளையும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்து வெடித்த தோலையும் கண்டு, இது குழாய்க்கிணற்று நீரில் வந்த ஆர்சனிக் நஞ்சு என்று இனங்கண்டார். எல்லைக்கு அப்பாலிருந்தும் நோயாளிகள் வரலாயினர். யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீரையும் மயிரையும் நகத்தையும் சோதித்து எச்சரித்து வந்தார். வங்கதேசத்தில் 1993இல் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில்தான் முதன்முதலாக அரசுத்துறையினர் இதனை உறுதிசெய்தனர். அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1992இல், பிரித்தானிய நில ஆய்வு நிறுவனம் அந்நாட்டின் ஒரு பகுதியில் நிலத்தடி நீரைச் சோதித்து அறிக்கை தந்திருந்தது. பல தனிமங்களை அளந்த அவ்வறிக்கை ஆர்சனிக்கை அளக்கவேயில்லை. பாதிக்கப்பட்ட சிற்றூர்வாசி ஒருவர் இதன் பேரில் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனம் அவர்க்கு நேரடிக் கடப்பாடு உடையதன்று என்று 2006இல் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். சட்டம் படிப்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அத்தீர்ப்பைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றோம்.

1998 முதல் 2000 வரை அதே நிறுவனமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து, 64 மாவட்டங்களில் 61இல், 3,534 கிணறுகளைச் சோதித்தன. ஒரு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பது அந்நாடு வகுத்த எல்லை. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. ஆழம் குறைந்த கிணறுகளில் நூற்றுக்கு 27 அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் அந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள் எனக் கணக்கிட்டனர். உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்த 10 மைக்ரோகிராம் எல்லையை வைத்துப் பார்த்தால் அவர்கள் தொகை ஐந்து கோடியே எழுபது இலட்சம். வரலாறு கண்ட கூட்டு நச்சூட்டல்களில் இதுவே மிகப் பெரிது என்று 2000இல் அறிஞர் ஆலன் ஸ்மித்தும் அவர் தோழரும் எழுதினர்.

தோல் நோயோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று, இதய நோய், கால்விரல்கள் அழுகுதல். உள்ளங்கை வெடித்த பெண்ணைக் குட்டநோயாளி எனக் கருதிக் கணவன் வீட்டார் தாய்வீட்டுக்கு அனுப்பியதும், அத்தகைய வீட்டில் பெண் எடுக்க மறுத்ததும் நிகழ்ந்தன. ஒட்டாத நோய் என்று மருத்துவர்கள் எவ்வளவு சொல்லியும் ஊர்வாய் அடங்கவில்லை.

இந்த நஞ்சு எந்த ஆலையும் கொட்டியதன்று. எந்தப் பகைவனும் கலந்ததன்று. இமயத்தின் பாறைகள் தேய்ந்து ஆறுகளில் வரும்போது, மணல் துகள்களின் மேல் இரும்புத் துரு மெல்லிய மேற்பூச்சாகப் படிகின்றது. துருவுக்கு ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்ளும் இயல்பு மிகுதி. ஆகவே கடலை நோக்கி வரும் வண்டலில் ஆர்சனிக் துருவோடு ஒட்டிக்கொண்டு, எவர்க்கும் தீங்கின்றி வந்து சேர்கிறது. இடையில் அழுகிய செடிகொடிகளும் புதைகின்றன. அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மண்ணடியில் காற்று அற்றுப்போனதும், மூச்சுக்கு ஆக்சிஜனுக்கு மாற்றாகத் துருவிலிருக்கும் இரும்பையே பயன்படுத்திக்கொள்கின்றன. துரு கரைகிறது, அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் கைவிடப்பட்டு நீரிற் கலக்கிறது. பழைய திறந்த கிணறுகளிற் பெரும்பாலும் இந்நஞ்சு குறைவு. காற்றுப் படுவதே காரணம். 150 மீட்டருக்கும் கீழே உள்ள பழைய மணற்படுகை நீரிலும் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்ட ஆழத்தில்தான் நஞ்சு நின்றது. கைப்பம்புக் குழாய்கள் எட்டியதும் அந்த ஆழத்தைத்தான்.

இரும்பு கைவிட்டதை இரும்பைக் கொண்டே மீட்கலாமே என்று எவருக்கும் தோன்றலாம். ஆனால் அது செயலாக நெடுங்காலம் ஆயிற்று. அதன் முற்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தது.

இரும்பை நீர் வடிக்கப் பயன்படுத்துவது புதிதன்று. 1870களில் குஸ்தாவ் பிஷோஃப் என்பார் இலண்டனில், கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த இரும்பைக் கொண்டு வீட்டு வடிகலங்கள் செய்தார். 1881இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்தார், நேட்டே ஆற்றின் கலங்கல் நீரை இத்தகைய இரும்புப் படுகை வழியே செலுத்தி ஊருக்கு வழங்கினர். நாள் செல்லச் செல்ல இரும்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகி நீரை மறித்தது. வில்லியம் ஆண்டர்சன் என்னும் பொறியாளர் அதற்கு மாற்றாக, இரும்புத் துண்டுகளை உள்ளே உருட்டிக்கொண்டேயிருக்கும் சுழல் உருளையை 1885இல் அமைத்தார். இரும்பு இறுகிப்போகும் இந்தத் தொல்லையை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வங்காளத்தில் அது மீண்டும் வரும்.

1980களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவ ஆய்வாளர், நிலத்தடி நீரை மாதிரி எடுக்கும் குழாய்களுக்கு எந்தப் பொருள் ஏற்றது என்று சோதித்துக்கொண்டிருந்தார். குளோரின் முதலியன கலந்த சில மாசுப் பொருள்கள், சில உலோகங்களைத் தொட்ட மாத்திரத்தில் நீரிலிருந்து குறைந்துபோவதைக் கண்டார். மாதிரி எடுப்போர்க்கு அது தொல்லை. அவருடைய பேராசிரியர் ராபர்ட் கில்லாமுக்கோ அதில் ஒரு வழி தெரிந்தது. மாசைக் குறைக்கும் உலோகத்தை மாசு ஓடிவரும் வழியிலேயே புதைத்துவிட்டால் என்ன? 1991இல் போர்டன் என்னும் படைத்தளத்தில், அவரும் ஸ்டெஃபனி ஓஹானெசினும் நிலத்துக்குள் ஒரு சுவரைக் கட்டினர். எடையில் நூற்றுக்கு 22 பங்கு இரும்புத் தூள், எஞ்சியது மணல். அந்த இரும்பு ஓர் இயந்திரப் பட்டறையில் தீட்டும்போதும் கடையும்போதும் உதிர்ந்த தூள். நீர் தன் போக்கில் அச்சுவரினூடே ஊர்ந்து சென்றது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஆலைகளில் வழங்கும் டிரைகுளோரோ எத்திலீன் என்னும் நச்சில் நூற்றுக்கு 90 பங்கு மறைந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தும் சுவரின் ஆற்றல் குன்றவில்லை.

இதன் பின்னர் 1994-95இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், மின்னணுப் பொருள்கள் செய்த பழைய ஆலை நிலத்தில் இத்தகைய சுவர் எழுந்தது. 1996இல் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் கடலோரக் காவற்படைத் தளத்தில் 46 மீட்டர் நீளமும் 7 மீட்டருக்குச் சற்று மிகுந்த ஆழமுமாக ஒன்று அமைந்தது. அங்கே முலாம் பூசும் பழைய கூடமொன்றிலிருந்து கசிந்த ஆறிணைதிறக் குரோமியத்தை அது தடுத்தது. நீரிற் கரைந்தோடும் அந்தக் குரோமியம் இரும்பைத் தொட்டதும் கரையாத மூவிணைதிறக் குரோமியமாகி அவ்விடத்திலேயே படிந்துவிடுகிறது.

குரோமியம் என்றதும் நாம் பாலாற்றங்கரையை நினையாதிருக்க முடியவில்லை. தோல் பதனிடும் தொழில் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறு போட்ட தொழில். மதரஸாக்களையும் அது வளர்த்தது. அக்கரை நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்பதும் உலகறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடுவோர் கையாள்வது பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். கொடியதான ஆறிணைதிறம் அதற்கு மூலப்பொருள் செய்யும் ஆலைகளின் கழிவில் இருப்பது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட அத்தகைய ஆலை ஒன்றின் கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேலாகப் பல்லாண்டுகள் திறந்தவெளியிற் கிடந்தது. வட கரோலினாவில் இரும்புத் தூளைப் புதைத்துத் தீர்த்த அதே நஞ்சுதான் அக்குவியலில் இருந்ததும். இதனை வேறொரு கட்டுரையில் விரிவாக எழுத விரும்புகிறோம். இப்போது வங்காளத்துக்குத் திரும்புவோம்.

குஷ்டியா என்பது வங்கதேசத்தின் மேற்கெல்லையை ஒட்டிய மாவட்டம். பக்கீர் லாலன் ஷாவின் அடக்கத்தலம் அங்குள்ளது. தாகூர் தங்கி எழுதிய சிலாய்தஹா மாளிகையும் அங்கேதான். அவ்வூரிற் பிறந்த அபுல் ஹுஸ்ஸாம், அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். நீரிலுள்ள மிகச் சிறிய அளவுகளை மின்வேதியியல் முறையில் அளப்பது அவர் துறை. நாட்டில் ஆர்சனிக் பற்றிய செய்தி பரவியபோது தம் ஊர்க் கிணறுகளை அளந்து பார்த்தார். தம் சொந்தக் குடும்பத்தார் குடித்து வந்த கிணற்று நீரிலும் நஞ்சு எல்லை கடந்திருந்தது. அவர் உடன்பிறந்தவர்களில் முனீர் மருத்துவர். குஷ்டியாவில் ‘சோனோ’ என்னும் நோய்நாடல் நிலையத்தை நடத்தியவர். பின்னர் வந்த வடிகலத்துக்கும் அந்நிலையத்தின் பெயரே நிலைத்தது.

ஆய்வுக்கூடத்திற் செய்வது ஒன்று. முற்றத்தில் நிற்கும் ஏழைப் பெண்ணின் கையிற் கொடுப்பது மற்றொன்று. மின்சாரம் வேண்டாததாகவும் மருந்து கலக்க வேண்டாததாகவும் அவ்வூரிலேயே கிடைக்கும் பொருள்களால் ஆனதாகவும் அது இருக்கவேண்டும். 1990களின் இறுதியில் அவர்கள் முதலில் செய்தது மூன்று மட்குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே. வங்காளத்தில் குடத்துக்குக் ‘கொல்ஷி’ என்று பெயர். மேற்குடத்தில் இரும்புத் தூளும் பருமணலும். நடுக்குடத்தில் நுண்மணலும் மரக்கரியும். அடிக்குடத்தில் வடிந்த நீர். நம் ஊர் வீடுகளில் முன்பு மணலும் கரியுமிட்டு நீர் வடித்ததைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கியது. ஆனால் சில மாதங்களில் ஆண்ட்வெர்ப்பில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. இரும்புத் தூள் இறுகிக் கட்டியாயிற்று. நீர் சொட்டுச் சொட்டாகவும் வராமல் நின்றது.

இதனைத் தீர்க்கத்தான் ஆண்டுகள் பல சென்றன. கடைசல் எந்திரத்தில் வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகவும் பிசிறாகவும் விழும் சீவல் இருக்கிறதே, பட்டறைக்காரர் கூட்டி மூலையில் ஒதுக்கும் குப்பை, அதனை எடுத்துப் பக்குவம் செய்து, தொடக்கத்திலேயே துளைகள் நிறைந்த ஒரே கட்டியாக ஆக்கினர். பின்னால் இறுகுமே என அஞ்சவேண்டியதில்லை. முன்பே இறுகியது, ஆனால் நீருக்கு வழிவிட்டு இறுகியது. இதிலுள்ள நுட்பம் நமக்கு மிகவும் பிடித்தது. பகையாக நின்ற இயல்பையே துணையாக்கிக்கொண்டார்கள்.

சோனோ வடிகலத்தில் வாளிகள் இரண்டு. மேல் வாளியில் ஆற்று மணலுக்கு நடுவே ஐந்து முதல் பத்துக் கிலோ வரை இந்த இரும்புக் கட்டி. கீழ் வாளியில் மணலும் மரக்கரியும் செங்கல் சல்லியும். நிலத்தடி நீரில் வரும் ஆர்சனிக்கில் ஒரு பகுதி மின்னேற்றம் இல்லாத வடிவில் இருப்பதால் எதிலும் எளிதில் ஒட்டாது. இரும்பு துருவேறும்போது, வார்ப்பிரும்பில் இயல்பாகவே உள்ள மாங்கனீசும் துணைசெய்ய, அந்த ஆர்சனிக் ஆக்சிஜன் ஏற்று ஒட்டும் வடிவுக்கு மாறுகிறது. மாறியதும் புதிய துருவின் மேல் அழுந்தப் பற்றிக்கொள்கிறது. துரு நாள்தோறும் புதிதாகத் தோன்றுவதால் பற்றுமிடமும் புதுப்பிக்கப்படுகிறது. மணிக்கு 20 முதல் 30 லிட்டர் நீர் வடியும். ஒன்றிரண்டு குடும்பங்களின் குடிநீருக்கும் சமையலுக்கும் போதும். விலை அந்நாளில் 35 முதல் 40 டாலராக இருந்தது. ஆயுள் குறைந்தது ஐந்தாண்டு. 2004இல் வங்கதேச அரசு சோதித்து இசைவளித்த நான்கு முறைகளில் இதுவும் ஒன்று.

2007 பிப்ரவரியில் அமெரிக்கப் பொறியியல் கழகம், ஆர்சனிக் நீக்கும் எளிய முறைக்காக அறிவித்திருந்த கிரெய்ஞ்சர் பரிசை ஹுஸ்ஸாமுக்கு வழங்கியது. தொகை பத்து இலட்சம் டாலர். அதில் நூற்றுக்கு 70 பங்கை வடிகலங்களை வழங்கவும், 25 பங்கை மேலாய்வுக்கும், எஞ்சிய 5 பங்கைத் தம் பல்கலைக்கழகத்துக்கும் ஒதுக்குவதாக அவர் அறிவித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமக்கென ஒன்றும் எஞ்சவில்லை.

பரிசோடு கதை முடிந்தது என்று எழுதினால் படிப்பதற்கு இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. வடிகலத்தை வாங்க இயலாத வீடுகள் ஏராளம். வாங்கிய வீட்டிலும் மணலைக் கழுவுவதும் மாற்றுவதும் எவர் பொறுப்பு என்னும் கேள்வி உண்டு. நாட்டளவில் 1999 முதல் 2006 வரை ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, தீங்கற்றவற்றின் பம்புக்குப் பச்சையும் நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்புமாக வண்ணம் பூசினார்கள். ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் சிவப்பாயின. சிவப்புப் பம்பு நிற்கும் வீட்டுப் பெண் பச்சைப் பம்பு நிற்கும் வீட்டுக்குக் குடமெடுத்துப் போகவேண்டும். அவ்வீட்டார் மனம் இடங்கொடுக்கவேண்டும். மழையிலும் வெயிலிலும் வண்ணம் மங்கிற்று. அதன் பின் போட்ட கிணறுகளுக்கு வண்ணமே இல்லை. ஆழ்குழாய்க் கிணறுகளே நிலையான தீர்வு என்று அரசு பெருஞ்செலவு செய்தது. அக்கிணறுகளில் ஒரு பகுதி, தேவை மிகுந்த இடத்தைவிட்டு அரசியல்வாதிகளுக்கு வேண்டியோரின் வீட்டு வாயிலுக்குப் போய்ச் சேர்ந்ததாக மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் எழுதிய அறிக்கை கூறுகிறது. இரண்டு கோடிப் பேர் அப்போதும் எல்லை கடந்த நீரையே குடித்துக்கொண்டிருந்தனர் என்பதும் அவ்வறிக்கையிற் காணப்படுவது. ஆர்சனிக்கைப் பிடிக்கும் துருவைக் கண்டார்கள். பாரபட்சத்தைப் பிடிக்கும் துரு எந்தப் பட்டறையில் கிடைக்குமோ!

நம்மைக் கேள்வி கேட்ட மாணவர் இன்று கடற்கரை ஊரொன்றில் இமாமாக இருக்கிறார். அண்மையில் வந்திருந்தபோது இவற்றையெல்லாம் அவரிடம் விரித்துரைத்தோம். இறுதிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த இரும்பு தேய்ந்தபின் அதிலிருக்கும் ஸர்னீக் எங்கே போகும், ஹஜ்ரத்?” என்றார். இம்முறை விடை நம் கையில் இருந்தது. துருவோடு சேர்ந்த ஆர்சனிக் எளிதிற் பிரிவதில்லை. பயன்பட்ட கழிவை அமெரிக்க முறைப்படி சோதித்ததில், அது தீங்குடைய கழிவு எனக் கொள்ளும் அளவுக்கு நஞ்சு கசியவில்லை. ஆனால் அக்கழிவைக் காற்றுப் புகாத சேற்றிலோ குளத்தடியிலோ கொட்டினால், வண்டலில் நடந்தது மீண்டும் நடக்கும். நுண்ணுயிர்கள் துருவைத் தின்னும், ஸர்னீக் விடுபடும். ஆகவே உலர்ந்து காற்றுப் படும் மேட்டு நிலத்தில் வைக்கவேண்டும் என்றோம். அவர் தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.